ஒட்டிப் பேசியவள்

மார்சிலிங்
சிங்கப்பூர்
ஜனவரி 12, 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தர்ஷி எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. அப்பாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய்? புண் ஆறிவிட்டதா? உட்கார முடிகிறதா, இன்னும் குப்புறப் படுத்துத்தான் தூங்குகிறாயா? அம்மாவுக்கு இதைக் கேட்க வேண்டும், ஆனால் வாய் வரவில்லை. அதனால் நான் கேட்கிறேன்.

நீ சிறைக்குப் போனதிலிருந்து வீட்டில் உன் பெயரை யாரும் சொல்வதில்லை. நீ ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் படிக்கிறாய் என்று அப்பா அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார். பள்ளியிலும் அதையே சொல்லச் சொன்னார். போன வாரம் லிஃப்டில் மூன்றாம் மாடி ஆன்ட்டி, "பெர்த்ல இப்ப வெயிலா, குளிரா?" என்று கேட்டார். நான் குளிர் என்று சொல்லிவிட்டேன். பிறகு தேடிப் பார்த்தால் ஜனவரியில் அங்கே கொளுத்துமாம். அன்றிலிருந்து படிக்கட்டில்தான் இறங்குகிறேன்.

அப்பா தினமும் என் போனை வாங்கிப் பார்க்கிறார். அதனால்தான் கடிதம். அவர் தூங்கியதும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாஷிங் மெஷின் மூடிமேல் தாளை வைத்து எழுதுகிறேன். பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. என் வகுப்புத் தோழி ருக்ஸானாவின் முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவளுக்கு மட்டும் உண்மை தெரியும். "எங்க வீட்டுல யாரும் லெட்டரைப் பிரிக்க மாட்டாங்க லா. பில்லுன்னு பயந்து அப்படியே வச்சிடுவாங்க" என்றாள்.

அப்பாவோடு சுவா சூ காங் போனேன். எல்ஆர்டி ரயில் நீ படம் வரைந்த அந்தக் கார்பார்க் பக்கம் திரும்பியபோது அப்பா எதிர்ப்பக்கம் பார்த்தார். நான் பார்த்தேன். சுவர் வெள்ளையாக இருக்கிறது. நீ வரைந்த ஆள் பூட்ஸைத் தலைக்கு வைத்துத் தூங்கிய இடம் மட்டும் கூடுதல் வெள்ளை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
தர்ஷினி

*

பிப்ரவரி 2, 2025

அன்புத் தங்கை தர்ஷிக்கு,

இங்கிருந்து போகிற, இங்கே வருகிற எல்லாக் கடிதங்களையும் அதிகாரிகள் படிப்பார்கள். ஆகவே முதலில் இதைப் படிக்கும் சாருக்கு வணக்கம். அடுத்து உனக்கு.

நான் நலம். புண் ஆறிவிட்டது. நிமிர்ந்து படுக்கிறான் என்று அம்மாவிடம் சொல். அந்த மூன்று பிரம்படியைப் பற்றி இதற்குமேல் யார் கேட்டாலும் நான் சொல்வதாக இல்லை, நீ கேட்டாலும்.

ஒரு செய்தி. ஜூன் பள்ளி விடுமுறையில் லிட்டில் இந்தியாவில் ஒரு மேடை நிகழ்ச்சி நடக்கப்போகிறது. பொய்ச் சுவர் கட்டி, கூட்டத்துக்கு முன்னால் அதில் படம் வரைவார்கள். அதற்கு, சுவரில் வரைந்து தண்டனை பெற்றவர்களைத் தேடிக்கொண்டு ஒரு நிறுவனம் இங்கே வந்தது. வித்யா என்று ஒருவர் பேசினார். என்னை எடுத்துக்கொண்டார்கள். நிகழ்ச்சி முடிந்தாலும் அவர்களிடம் செட் வேலை இருக்குமாம்.

வேலையும் வீடும் இருந்தால் மே மாதமே வீட்டுக் காவலில் விட வாய்ப்புண்டு. காலில் ஒரு பட்டை மாட்டுவார்கள். வேலைக்குப் போகலாம், மற்ற நேரம் வீட்டைவிட்டு நகரக் கூடாது. இல்லாவிட்டால் செப்டம்பர்வரை இங்கேதான். படிவம் வீட்டுக்கு வரும். அப்பா சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

நீ நேரே கேட்காதே. அம்மாவைக் கேட்கச் சொல், அதுவும் சாப்பிட்ட பிறகு. சாப்பாட்டுக்கு முன்னால் அவர் யாருக்கும் நல்லவரில்லை.

லிஃப்டில் போ. பெர்த்தில் இந்த வருஷம் பருவம் தப்பிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

அண்ணன்,
கதிரேசன்

*

மார்சிலிங்
பிப்ரவரி 23, 2025

அன்புள்ள அண்ணா,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். அம்மாவிடம் நீ நிமிர்ந்து படுப்பதைச் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தார். சரி என்று சொல்லிவிட்டு, களைந்த அரிசியையே மறுபடி களைந்தார்.

படிவம் வந்தது. அம்மா சாப்பிட்ட பிறகுதான் கேட்டார். அப்பா படித்துவிட்டு அதை டிவிக்கு அடியில் செருகினார். பிறகு தொடங்கினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சுவத்துல கிறுக்குனவனுக்கு மேடை. கழுவுனவனுக்கு என்ன? எங்க கம்பெனி சின்னத்தம்பிக்குக் கெமிக்கல் பட்டு உள்ளங்கைத் தோலே உரிஞ்சு போச்சு. சோத்தைப் பிசைய முடியாம கரண்டியில தின்னான். அவனை எந்தக் கம்பெனி கூப்பிட்டுச்சு? அவன் பேரு யாருக்குத் தெரியும்?"

"அவன் நம்ம பிள்ளைங்க" என்றார் அம்மா.

"நம்ம பிள்ளைன்னா? ஒழுங்கா படிச்சு வரையிற பிள்ளைங்க எத்தனை பேரு வேலை தேடுதுங்க. அவங்களும் போயி ஒரு சுவத்தை நாசம் பண்ணிட்டு வரணுமா? அடி வாங்குனா ஆர்ட்டிஸ்ட்டா?"

அண்ணா, உனக்கும் நினைவிருக்கும். போன வருஷம் அந்தச் சுவரைக் கழுவ அப்பாவின் கம்பெனி ஆட்களைத்தான் அனுப்பினார்கள். வரைந்தது யாரென்று அப்போது அப்பாவுக்குத் தெரியாது. சூப்பர்வைசர் என்றால் கீழே நின்று பார்ப்பதுதான் வேலை, ஆனால் ஆள் பற்றாமல் அவரும் கோண்டோலா என்ற தொங்கு மேடையில் ஏறித் தேய்த்தார். ராத்திரி வந்து, "படுத்திருக்கிற ஆளு மூஞ்சியைத் தேய்க்கிற மாதிரி இருக்குன்னு சின்னத்தம்பி வேற புலம்புறான். எவன் பெத்ததோ" என்றார். நீ அப்போது ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாய். போலீஸ் வந்த பிறகு அப்பா அந்தச் சாப்பாட்டைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே தின்றானே என்றார்.

படிவம் இன்னும் டிவிக்கு அடியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசிவரை நேரமிருக்கிறது. அம்மா மறுபடியும் கேட்பார்.

பள்ளியில் தமிழ் விவாதப் போட்டிக்கு என்னையும் ருக்ஸானாவையும் சேர்த்திருக்கிறார்கள். வழக்கமான தலைப்புதான். வேறு விசேஷமில்லை.

உன் தங்கை,
தர்ஷினி

*

மார்சிலிங்
மார்ச் 16, 2025

அண்ணா,

நலமா என்று கேட்க எனக்குத் தகுதியில்லை. இந்தக் கடிதத்தை அனுப்ப மாட்டேன். ஆனால் எழுதாமல் தூக்கம் வரவில்லை.

தலைப்பு வழக்கமானது இல்லை. "தண்டனை பெற்ற சுவரோவியர்களைக் கேளிக்கை நிகழ்ச்சிகளில் வேலைக்கு அமர்த்துவது குற்றத்துக்குத் தரும் பரிசு." செய்தியில் அந்த நிறுவனத்தைப் பற்றி வந்தது, இணையத்தில் சண்டை நடந்தது, யாரோ அதைத் தலைப்பாக்கிவிட்டார்கள். ஒட்டியா வெட்டியா என்று சீட்டுப் போட்டார்கள். எடுத்தது என் கைதான். ஒட்டி வந்தது.

டீச்சரிடம் பக்கத்தை மாற்றித் தரக் கேட்டேன். "ஏன்மா?" என்றார். ஏன் என்று சொன்னால் பெர்த் பொய் உடைந்துவிடும். சும்மாதான் டீச்சர் என்றேன். "சீட்டுல வந்ததைப் பேசுறதுதான் விவாதம். உன் சொந்த அபிப்பிராயத்தை யாரு கேட்டா?" என்று சிரித்தார். ருக்ஸானா, "காய்ச்சல்னு சொல்லிடு, நான் தனியா சமாளிக்கிறேன்" என்றாள். தனியாகப் பேசினால் அவளும் தோற்பாள் என்பது அவளுக்கும் தெரியும்.

எனக்கு எதுவும் எழுத வரவில்லை. மேடையில் ஏறியதும் அப்பா சொன்னதுதான் வாயில் வந்தது. கிறுக்கியவனுக்கு மேடை, கழுவியவருக்கு என்ன. உள்ளங்கைத் தோல். கரண்டியில் சாப்பாடு. பெயர் மட்டும் சொல்லவில்லை. அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். நடுவர் ஒருவர், "இந்தத் தகவலுக்கு ஆதாரம் எங்கே கிடைத்தது?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஒருவர் சொன்னார் என்றேன்.

நாங்கள் ஜெயித்தோம். நான்தான் சிறந்த பேச்சாளர். பள்ளி அந்தப் பேச்சைப் படம்பிடித்து இணையத்தில் போட்டுவிட்டது. அப்பா அதைத் தன் வேலையிடத்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியிருக்கிறார். உன் கேஸுக்குப் பிறகு அவர் அந்தக் குழுவில் போட்ட முதல் செய்தி அது. "என் மகள்" என்று மட்டும் எழுதியிருந்தார்.

கைதட்டல் கேட்டபோது ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

*

மார்ச் 30, 2025

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். உன்னிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. உடம்பு சரியில்லையா? அம்மாவுக்கு ஒன்றுமில்லையே?

வித்யா மறுபடி வந்தார். நிகழ்ச்சியை விறுவிறுப்பாக்கப் போகிறார்களாம். நான் வரைந்து முடித்ததும், இந்த வேலையே தப்பு என்று பேசும் ஒரு பள்ளி மாணவியை எனக்கு எதிரே உட்காரவைத்து வாதாட வைப்பார்களாம். "இணையத்துல அந்தப் பொண்ணு பேச்சு பயங்கரமா போகுது. நீங்க ரெண்டு பேரும் ஒரே மேடையில இருந்தா செம" என்றார். நான் தயாராக வேண்டும் என்று அவள் சொன்ன பாயிண்டுகளைத் தாளிலிருந்து வாசித்துக் காட்டினார்.

மூன்றாவது பாயிண்ட், தோல் உரிந்த கையோடு கரண்டியில் சாப்பிட்ட ஒருவரைப் பற்றியது.

அந்தப் பெண்ணின் பெயரை வித்யா சொல்ல வந்தார். வேண்டாம், மேடையிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

தர்ஷி, நான் உன்னிடமும் பெயரைக் கேட்கவில்லை. அந்தக் கரண்டியை என்னால் மறக்க முடிந்ததில்லை என்று மட்டும் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

படிவம் என்ன ஆயிற்று?

அண்ணன்

*

மார்சிலிங்
ஏப்ரல் 13, 2025

அண்ணா,

நான் நலம். அம்மா நலம். நாளைக்குப் புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடிக்கு வேப்பம்பூ வாங்கியாயிற்று. உங்களுக்கு அங்கே ஏதாவது தருவார்களா?

மார்ச்சில் ஒரு கடிதம் எழுதி அனுப்பாமல் வைத்திருந்தேன். இதோடு வைக்கிறேன். முதலில் அதைப் படி.

படித்துவிட்டாயா.

இப்போது மற்றதைக் கேள். ஜூன் நிகழ்ச்சிக்கு நிறுவனம் பள்ளிக்கு எழுதியது. டீச்சர் துள்ளிக் குதிக்கிறார். பெற்றோர் அனுமதிக் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா படித்து முடிப்பதற்குள்ளேயே பேனாவைத் தேடினார். உன் படிவம் இருக்கும் அதே டிவிக்குப் பக்கத்தில் நின்று, என் தாளில் கையெழுத்துப் போட்டார். லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிப்போய் எனக்குப் புது பஞ்சாபி சூட் எடுத்துக் கொடுத்தார். முன்வரிசையில் உட்காரப்போகிறாராம். "எதிர்ல எவன் வேணும்னாலும் வரட்டும். நீ கேளு, பதில் இருக்கான்னு பாப்போம்" என்கிறார். தினமும் சாப்பிட்டதும் என்னை நிற்கவைத்துப் பேசச் சொல்கிறார்.

எதிரில் வரப்போவது நீ என்று அவருக்குத் தெரியாது. பள்ளிக்கும் தெரியாது. அந்த நிறுவனத்துக்கும் தெரியாது. தெரிந்தால் இன்னும் சந்தோஷப்படுவார்கள் என்று ருக்ஸானா சொன்னாள்.

அம்மா படிவத்தைப் பற்றி நேற்று மறுபடியும் கேட்டார். அப்பா உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைக் கையில் எடுத்தார். கண்ணாடியைத் தேடினார். அப்போது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? போட்டுவிடாதீங்க அப்பா என்று நினைத்தேன். போட்டால் நீ வெளியே வருவாய், வந்தால் மேடைக்கு வருவாய், எல்லார் முன்னாலும் அப்பா உன்னைப் பார்ப்பார், நான் உனக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன். இந்தப் பயத்தில், நீ செப்டம்பர்வரை உள்ளேயே இரு என்று நான் நினைத்தேன். கண்ணாடி கிடைக்கவில்லை. அவர் படிவத்தைத் திரும்ப வைத்துவிட்டார். கண்ணாடி என் பக்கத்தில்தான் இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பேச மாட்டேன் என்றால் ஏன் என்பார்கள். பேசினால் எதிரே நீ. எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்களில் ஒருவர் நிற்கிறீர்கள்.

தர்ஷினி

*

ஏப்ரல் 27, 2025

அன்புத் தங்கைக்கு,

நலம். இரண்டையும் படித்தேன். மார்ச் கடிதத்தை முதலிலும் ஏப்ரல் கடிதத்தைப் பிறகும், நீ சொன்ன வரிசையில். இங்கே புத்தாண்டுக்குப் பாயசம் கிடைத்தது. இனிப்பு கொஞ்சம் தூக்கல்.

கண்ணாடியை விடு. நானாக இருந்தால் அதன்மேல் உட்கார்ந்திருப்பேன்.

நீ பேசியது தப்பா சரியா என்று நான் பல நாள் யோசித்தேன். பூன் லேயில் இருக்கும் ஸைஃப்பை நினைவிருக்கிறதா? என்னோடு படித்தவன், என்னைவிட நன்றாக வரைபவன். இதுவரை ஒரு சுவரையும் தொட்டதில்லை. போன வாரம் என்னைப் பார்க்க வந்தான். அவனும் அதே நிறுவனத்தில் விண்ணப்பித்தானாம். "உங்க படம் ரொம்ப நல்லா இருக்கு, ஆனா உங்ககிட்ட கதை இல்லையே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அதைச் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் போன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த நாள் நிகழ்ச்சியின் வரிசையைக் காட்டினார்கள். வரைவதற்குப் பத்து நிமிஷம். அடி எப்படி இருந்தது, முதல் அடியில் என்ன நினைத்தேன், தழும்பு இருக்கிறதா என்று பேச இருபது நிமிஷம். அவர்களுக்குப் படம் வேண்டாம், தர்ஷி. என் கேஸ்தான் வேண்டும். அப்பா கேட்டதில் பாதி சரி. இது நான் வரைவதற்குக் கிடைத்த வேலை இல்லை.

மீதிப் பாதி சரியில்லை. உள்ளே இருந்து வருகிறவனுக்கு யாரும் எந்த வேலையும் கொடுக்கக் கூடாது என்றால் அவன் எங்கே போவான்? அதற்கு உன் பேச்சில் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

நான் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேலை இல்லாமல் மே மாதம் கடினம் என்றார் அதிகாரி. பரவாயில்லை, செப்டம்பர் ஒன்றும் தூரமில்லை. இதை உனக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கொஞ்சம் உனக்காகவும்தான்.

நிம்மதியாகப் போய்ப் பேசு. புது சூட் என்ன நிறம்?

அண்ணன்,
கதிரேசன்

*

மார்சிலிங்
மே 11, 2025

அண்ணா,

நீ நலமாக இரு. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் வீடு சரியில்லை. இதுவே நான் அனுப்ப முடிந்த கடைசிக் கடிதமாக இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை சாப்பிட்டதும் அப்பா வழக்கம்போல் என்னை நிற்கவைத்தார். நான் தொடங்கினேன். நான்கு நாள் கழுவினார்கள் என்றேன். "ஆறு. மழை பேஞ்ச ரெண்டு நாளை ஏன் விட்டே?" என்று திருத்தினார். பிறகு சிரித்துக்கொண்டே, "டீச்சர் போன் பண்ணாங்க. எதிர்ல வர இருந்தவன் வரலையாம். உன் பேச்சைக் கேட்டுப் பயந்துட்டான் போல. சுவத்துல கிறுக்க மட்டும் தைரியம் வரும். கோழைப்பய" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"பயப்படலை. நான் இருக்கேன்னுதான் வரலை" என்றேன்.

அப்பாவுக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"யாரு அவன்?" என்றார் அப்பா.

நான் சொன்னேன். உனக்கு எழுதுவதையும் ருக்ஸானா வீட்டு முகவரியையும் சொன்னேன். கண்ணாடி என்னிடம் இருந்ததைக்கூடச் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "எடுத்துட்டு வா" என்றார். உன் கடிதங்களைக் கொண்டுவந்து கொடுத்தேன். சோபாவில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை படித்தார். கோழை என்று அவர் சொன்ன ஆள், அவர் சொன்னதில் பாதி சரி என்று எழுதியிருந்த இடத்தை அப்பா இரண்டு முறை படித்தார். பிறகு டிவிக்கு அடியிலிருந்த படிவத்தையும் கடிதங்களையும் சேர்த்துத் தன் வேலைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்கு நேரம் முடிந்துவிட்டது என்று அம்மா சொன்னார். அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

இரண்டு நாளாக அப்பா சாப்பிட்டதும் என்னை நிற்கவைக்கவில்லை. என் போனைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. இப்போது குளியலறையில் இல்லை, மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அவர் ஹாலில் விழித்துக்கொண்டிருக்கிறார். பேனா சத்தம் அவருக்குக் கேட்கும்.

சூட் கத்திரிப்பூ நிறம்.

தர்ஷினி

*

மார்சிலிங்
மே 25, 2025

கதிரேசனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். உன் நலத்தை உன் கடிதங்களில் தெரிந்துகொண்டேன். கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

தர்ஷினியை மேடைக்கு அனுப்பப்போவதில்லை. ஏதாவது சாக்குச் சொல்லச் சொன்னேன். அவள் டீச்சரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு வந்தாள். பள்ளியில் ஒரு மாதிரி பார்க்கிறார்களாம். அழுகிறாள், ஆனாலும் போய்வருகிறாள்.

உன் படிவத்துக்கு நேரம் முடிந்துவிட்டது என்று தெரிந்துதான் சிறை அலுவலகத்துக்குப் போனேன். புதிதாக ஒன்று கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டேன். அதிகாரி வீட்டுக்கு வந்து, உன் கால்பட்டையைக் கண்காணிக்கும் பெட்டியை எங்கே வைக்கலாம் என்று பார்த்தார். டிவிக்குப் பக்கத்தில் இடம் சொன்னேன். வேலை ஒன்று இருந்தால் சீக்கிரம் நடக்கும் என்றார்.

அந்த நிறுவனத்து வேலையைப் பற்றி நான் சொன்னது சொன்னதுதான். நீயே விட்டதும் நல்லது.

ஆகவே என் கம்பெனியில் கேட்டேன். பத்தொன்பது வருஷமாக அங்கே இருக்கிறேன், இதுவரை எதுவும் கேட்டதில்லை. என் மகனுக்குச் சுவர் கழுவும் வேலை கொடுங்கள், சின்னத்தம்பியோடு நிற்கட்டும் என்றேன். மேனேஜர் நல்ல மனிதர். காப்பி வரவழைத்தார். பிறகு, "தப்பு பண்ணவனுக்கு வேலை கொடுத்தா, ஒழுங்கா இருக்கிற மத்தவங்க என்ன நினைப்பாங்க, சேது? நீங்களே சொல்லுங்க" என்றார்.

நான் அந்தக் கேள்வியை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். என் மகளுக்கும் மனப்பாடம். பதில் சொல்லும் இடத்தில் நான் இதுவரை உட்கார்ந்ததில்லை. காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

வேறு இடங்களிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் ஜூலை, கிடைக்காவிட்டால் செப்டம்பர். எப்படியும் நீ இங்கேதான் வர வேண்டும். பட்டை காலில் இருக்கும்வரை நீ வெளியே போக முடியாது. எனக்கும் வேலை முடிந்தால் வேறு போக்கிடம் கிடையாது. வீடு சின்னது. பேசாமல் இருக்க முடியாது. வந்ததும் முதலில், சுவர் கழுவி வந்த அன்று ராத்திரி நாம் சாப்பிட்ட அந்தச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பேன். என்ன சொல்வது என்று யோசித்துவை. மேனேஜருக்கு என்ன சொல்லியிருக்கலாம் என்று நானும் யோசித்துவைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா,
சேதுபதி